நிவி போய் நின்ற இடம்

கேமரா வாங்கிய கையோடு என்னைத் தேடி வருகிற பிள்ளைகள் லென்ஸைப் பற்றிக் கேட்பார்கள், லைட்டைப் பற்றிக் கேட்பார்கள், கடைசியில் கொஞ்சம் தயங்கிவிட்டு இதைக் கேட்பார்கள்: "அக்கா, இந்தக் கண்ணு எப்படி வரும்?"

இத்தனை வருஷம் மூணாறிலும் சுற்றுப்பட்ட எஸ்டேட்டுகளிலும் கல்யாணப் படம் எடுத்துவிட்டு, இப்போதுதான் ஸ்டுடியோ சாவியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அந்தக் கண் எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் என்னிடமிருந்து அது இன்னொரு ஆளுக்குப் போய்ச் சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அன்றைக்கு எனக்குப் பார்வையே இல்லை. அந்த ஒரு நாளின் கதையைச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு அதில் ஏதாவது கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் நிவி அப்போது ஐந்தாம் வகுப்பு. அவள் அப்பா டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவர். சனி, ஞாயிறு வந்தால் அவரைப் பிடிக்க முடியாது. எனக்கும் கல்யாணமெல்லாம் அந்த நாட்களில்தான். அதனால் நிவி என்னோடுதான் வருவாள். கேமரா பையைத் தூக்குவது, பேட்டரியை எடுத்துத் தருவது என்று எந்த வேலையும் அவளுக்குக் கொடுத்ததில்லை. மற்றப் பிள்ளைகளோடு விளையாடுவாள், சாப்பிடுவாள், வண்டியில் தூங்குவாள். அவ்வளவுதான்.

கல்யாணம் முடிந்து படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கழிக்கும்போதுதான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். ஒவ்வொரு படமாக வரும். "இது செத்த படம்" என்று அழிப்பேன். "இதுல எல்லாரும் கேமராவுக்காகச் சிரிக்காங்க" என்று அழிப்பேன். "இது இருக்கட்டும், இந்தக் கையைப் பாரு" என்று நிறுத்துவேன். அவளுக்குச் சொன்னதில்லை, எனக்கு நானே முணுமுணுத்துக்கொண்டது. அவள் முட்டியில் தாடையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். நான் எடுத்தவற்றைப் பார்த்து அவள் கற்றுக்கொள்ளவில்லை. நான் எதை அழிக்கிறேன் என்று பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். இது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் புரிந்தது.

அன்றைக்கு மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கல்யாணம். பெண் பவித்ரா. அம்மா தேயிலைக் கொளுந்து பறிக்கிறவர். அப்பா முருகையா தேயிலை பாக்டரியில் வேலை பார்த்தவர். முந்தின வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து, ஒரு கை விழுந்து, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நடமாட்டம் திரும்பிவிட்டது, முகம் திரும்பவில்லை. மாப்பிள்ளை வீடு பீர்மேடு. எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் தாலிகட்டு, பக்கத்து ஹாலில் சாப்பாடு. வீடியோ வேண்டாம், போட்டோ மட்டும் போதும் என்று சொல்லியிருந்தார்கள்.

காலையில் தொழிலாளர் லயத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததுமே முருகையா அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். வார்த்தை கொஞ்சம் குழறும். மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, எல்லாரையும் எடு. என்னைய மட்டும் விட்டுரு. பிள்ள ஆல்பத்தத் தொறக்கும்போது இந்த மூஞ்சி இருக்கக் கூடாது."

"சரிண்ணே" என்றேன். வேண்டாம் என்கிற ஆளைப் படம் எடுப்பதில்லை என்பதை நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து வழக்கமாக வைத்திருந்தேன். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிவி பக்கத்தில் நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

பெண்ணை வீட்டிலிருந்து வெளியே அழைத்து வருகிற நேரம். நான் வாசலுக்கு எதிரே மண்டி போட்டுக் கேமராவைக் கண்ணில் வைத்திருந்தேன். பவித்ராவின் மாமா மகன் கார்த்தி, திருகினால் வண்ணக் காகிதம் சிதறுகிற அட்டைக் குழாய் ஒன்றைக் கையில் வைத்திருந்தான். மேலே பார்த்துத் திருகவேண்டியதை அவசரத்தில் நேராகப் பிடித்துத் திருகிவிட்டான். நான் அப்போதுதான் கேமராவை இறக்கியிருந்தேன். காகிதத்தோடு உள்ளே இருந்த அட்டை மூடியும் பறந்து வந்து என் வலது கண்ணில் அடித்தது.

வலியைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. கொஞ்ச நேரத்தில் இமை வீங்கி மூடிக்கொண்டது. எனக்கு இடது கண் சின்ன வயதிலிருந்தே மங்கல். நிறம் தெரியும், உருவம் தெரியும், முகம் தெரியாது. வலது கண்ணை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கண் போய்விட்டது. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் ஓடி வந்து பஞ்சை வைத்துக் கட்டிவிட்டு, "இப்பவே கீழ போயிருங்க சேச்சி, டாக்டர் பாக்கணும்" என்றார். தாலிகட்டு முடிந்து போகிறேன் என்றேன். நீங்கள் யாரும் இப்படிச் செய்யாதீர்கள். எனக்குக் கண் திரும்பக் கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

முதலில் போனை நிவியிடம் கொடுத்து, எனக்குத் தெரிந்த மூணாறு போட்டோகிராபர் ஒருவரின் நம்பரை அழுத்தச் சொன்னேன். அவர் வேறு வேலையில் இருந்தார். "உடனே கெளம்புறேன். ஆனா வழியெல்லாம் மூடுபனி. சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்து சேர முடியும்" என்றார். வரச் சொன்னேன். பிறகு பவித்ராவின் அம்மாவைக் கூப்பிட்டு நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒரே பிள்ள அக்கா. தாலிகட்டு படம் இல்லாம என்ன கல்யாணம்?"

கார்த்தி அழுகிற நிலையில் இருந்தான். "அக்கா, என் போன் நல்லா எடுக்கும். உங்க கேமராவக் குடுத்தாலும் எடுக்கேன். நானே எடுத்துத் தாரேன்."

அப்போது நிவி என் முழங்கையைத் தொட்டாள். "அம்மா, நான் எடுக்கட்டா?"

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பேரில் யாரிடம் கொடுப்பது? கார்த்தி இருபத்து நாலு வயதுப் பையன், உயரமானவன், கூட்டத்தில் புகுந்து போகத் தெரிந்தவன். நிவி கேமராவை விளையாட்டாகத் தொட்டிருக்கிறாளே ஒழிய ஒரு கல்யாணத்தை எடுத்ததில்லை. பெற்ற பிள்ளை என்பதற்காக அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தை அவள் கையில் கொடுக்க முடியாது.

"கார்த்தி, எனக்குக் கண்ணு தெரியல. உனக்கு முன்னால என்ன இருக்கு, சொல்லு" என்றேன்.

அவன் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும். "வாசல்ல எல்லாரும் நிக்காங்க அக்கா. பவி நிக்கா. மேளக்காரங்க வந்தாச்சு."

"நிவி, நீ சொல்லு."

"பவி அக்கா இன்னும் செருப்பு போடலம்மா. கால் குளிருது, ஒரு கால் மேல இன்னொரு கால வச்சு நிக்காங்க. தகரக் கூரைக்கு அடியில வெளிச்சம் வந்து அவங்க கழுத்துல மட்டும் விழுது. அவங்க அத்த ஒருத்தங்க அத மறைச்சுக்கிட்டு நிக்காங்க. கொஞ்சம் தள்ளினா நல்லாருக்கும்."

எனக்குக் கண் வலிகூட ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று. அந்த வாசல் அப்படியே என் தலைக்குள் வந்து நின்றது, அவள் வார்த்தையால். பெண்ணின் குளிர்ந்த கால் முதற்கொண்டு.

பவித்ரா அதைக் கேட்டுவிட்டாள். "அம்மா, பாப்பாவே எடுக்கட்டும்" என்றாள். அவள் அம்மாவும் "சரி" என்றார். வேறு வழி இல்லை என்பதுதான் காரணம், நம்பிக்கை அல்ல.

பெரிய லென்ஸைக் கழற்றிவிட்டு எடை குறைந்த சின்ன லென்ஸை மாட்டினேன். எல்லாம் தடவித் தடவித்தான். மற்றதையெல்லாம் கேமராவே பார்த்துக்கொள்கிற மாதிரி வைத்தேன். கேமரா வாரை அவள் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். சொல்வதற்கு மனதில் நூறு விஷயம் வந்தது. எதைச் சொன்னாலும் அவளுக்குப் பயம்தான் வரும். "பவி அக்காவ விட்டு ரொம்பத் தள்ளிப் போகாத" என்று மட்டும் சொன்னேன்.

கோயில் முன்மண்டபத்தில் கார்த்தி என்னை ஒரு தூணில் சாய்த்து நிறுத்தினான். மஞ்சளும் சிவப்புமாகக் கூட்டம் அசைவது மட்டும் எனக்குத் தெரிந்தது. அதற்கு நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. நிவியின் ஸ்வெட்டர். அது குனிந்தது, எழுந்தது, கொஞ்சம் நகர்ந்தது. பரவாயில்லை, சரியான இடத்தில்தான் இருக்கிறாள், மணவறைக்கு நேர் எதிரே. பெண்ணுக்குப் பக்கத்தில் தாரைவார்க்க முருகையா அண்ணனுக்குப் பதில் அவருடைய அண்ணன் உட்கார்ந்திருந்தார். பவித்ராவின் பெரியப்பா. எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்த குரல் அவருடையது.

கெட்டிமேளம் தொடங்கியது. நீங்கள் எல்லோரும் அந்த நொடியில் நின்றிருப்பீர்கள், உங்களுக்குத் தெரியும். ஒரே அலையாக எல்லோரும் முன்னால் வருவார்கள். அரிசி பறக்கும், முன்வரிசையில் அத்தனை கையும் போனைத் தூக்கும். நானாக இருந்தால் முழங்கையை வைத்துத் தள்ளிக்கொண்டு என் இடத்தை விடாமல் நின்றிருப்பேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை யாரைத் தள்ள முடியும்? கூட்டம் மூடியது. வெள்ளைப் புள்ளி காணாமல் போயிற்று.

தேடினேன். எங்கேயும் இல்லை. பிறகு பார்த்தால் மணவறைக்குப் பின்னால், சுவருக்கும் மாப்பிள்ளை பெண்ணின் முதுகுக்கும் நடுவில் இருக்கிற சின்னச் சந்தில், அந்த வெள்ளை தெரிந்தது. நாத்தனார் முடிச்சுப் போட நிற்கிற இடம். அங்கேயிருந்து தாலி தெரியாது. பெண்ணின் முகம் தெரியாது. மாப்பிள்ளையின் முகமும் தெரியாது. போச்சு, மொத்தமும் போச்சு.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். "நிவி, முன்னால வா" என்று நான் கத்தினால் மேளத்தையும் மீறி அவளுக்குக் கேட்கும், என் குரல் அப்படி. அவள் திரும்பிப் பார்ப்பாள். அந்தத் திரும்புகிற நொடியில் தாலி ஏறிவிடும். அவள் அங்கே எதையோ பார்த்துவிட்டுத்தான் போயிருப்பாள் என்று ஒரு எண்ணம். பயந்து ஒதுங்கியிருப்பாள் என்று இன்னொரு எண்ணம். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. நான் தூணைப் பிடித்துக்கொண்டு வாயை மூடினேன். என் தொழிலில் நான் எடுத்த எத்தனையோ முடிவுகளில் இதைவிடக் கஷ்டமானது ஒன்றுமில்லை. செய்ததென்னவோ பேசாமல் இருந்தது மட்டும்தான்.

மேளம் அடங்கியதும் பெரியப்பா நேராக நிவியிடம் வந்தார். "எங்க பாப்பா, தாலிகட்டக் காட்டு."

கேமராவின் பின்னால் இருக்கிற திரையில் அவள் காட்டியிருக்கிறாள். அவர் குரல் உயர்ந்தது.

"தாலி எங்க? ரெண்டு பேரு முதுகையும் எடுத்து வச்சுருக்கு. இதுக்குத்தான் பச்சப்பிள்ள கையில குடுக்காதீகன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். இப்ப மறுபடியும் கட்டச் சொல்லவா?"

நிவி ஓடி வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை, ஆனால் மூச்சு வாங்கியது. எனக்கோ அந்தப் படத்தைப் பார்க்க வழியில்லை.

"என்ன எடுத்திருக்கன்னு அம்மாகிட்ட சொல்லு" என்றேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள். "முன்னால நாத்தனார் அக்காவோட விரல் ரெண்டும் முடிச்சு போடுது. பவி அக்கா தலையும் மாப்பிள்ளை தலையும் ரெண்டு பக்கம். நடுவுல சந்துல மாமா இருக்காரு."

"எந்த மாமா?"

"முருகையா மாமா. கையில அரிசி வச்சுக்கிட்டு, போடாம, அப்படியே தூக்கிப் பிடிச்சுருக்காரு. பவி அக்காவப் பாக்காரு."

அந்த ஒரு ஆளைத்தானே எடுக்கக் கூடாது என்று நான் ஒப்புக்கொண்டேன். அதற்குள் பவித்ரா மணவறையிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். மாலையோடு குனிந்து திரையைப் பார்த்தவள், பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்பா" என்று கூப்பிட்டாள். "அப்பா, இங்க வாங்க."

அவர் வந்தார். விஷயம் தெரிந்ததும் கோபம். "என்னைய எடுக்க வேணாம்னு சொன்னேன்ல, தங்கச்சி."

"சொன்னீங்கண்ணே. எம் பிள்ள எடுத்துட்டா. நீங்க பாத்துட்டு வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க, உங்க கண்ணு முன்னாலயே அழிச்சிடுறோம்" என்றேன். பவித்ரா ஏதோ சொல்ல வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் கேமராவில் தாலிகட்டுக்கு இருந்த ஒரே படம் அது. ஆனாலும் அவர் முகம் அவருடையது.

அவர் கேமராவை நல்ல கையில் வாங்கிக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிவியிடம் கேட்டார்.

"இந்த மூஞ்சியில பாதிதான் தெரியுது. இழுத்துக்கிட்ட பக்கம் மாப்பிள்ள தலப்பாகைக்குப் பின்னால போயிருச்சு. அது தானா அப்படி வந்துச்சா?"

"இல்ல மாமா. காலையிலயிருந்து நீங்க அந்தப் பக்கத்தத்தான் துண்டு போட்டு மறைச்சுக்கிட்டே இருந்தீங்க. இன்னொரு பக்கத்த மறைக்கல. அதான் பின்னால போயி, தலப்பாக அந்தப் பக்கத்துக்கு நேரா வர்ற வரைக்கும் நகந்து நகந்து பாத்தேன். முன்னால எல்லாரும் போனத் தூக்கிட்டாங்க. நீங்க மட்டுந்தான் பவி அக்காவ நெசமாப் பாத்துக்கிட்டிருந்தீங்க."

முருகையா அண்ணன் சிரித்தார் என்று கார்த்தி பிறகு சொன்னான். எனக்குக் கேட்டது குழறலான ஒரு சத்தம்தான். "இருக்கட்டும் தாயி" என்றார். "இத அழிக்காத."

பெரியப்பாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. தாலி தெரிகிற படம் வேண்டும் என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. மாப்பிள்ளையைத் தாலிக்கயிற்றில் கை வைத்தமாதிரி உட்காரச் சொல்லி நிவி நேர் எதிரே நின்று ஒன்று எடுத்தாள். அவருக்குத் திருப்தி. அதற்குள் மூணாறு போட்டோகிராபரும் வந்து சேர்ந்தார். மேடையில் வரிசையாக நின்ற குடும்பப் படங்களையெல்லாம் அவர் எடுத்தார். அந்த வேலைக்கு அனுபவம்தான் வேண்டும்.

என் கண்கட்டு அவிழ்ந்த பிறகு நிவி எடுத்த எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்தேன். பாதிப் படம் சாய்ந்திருந்தது. பல படங்களில் கால் இல்லை, சிலவற்றில் தலை இல்லை. ஒரு நாயை மட்டும் நிறைய எடுத்திருந்தாள். கழித்துக்கொண்டே வந்தேன். அந்தப் படம் வந்ததும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அவளிடம் இருந்தது என் கண்தான். கை, ஓரம், கேமராவைப் பார்க்காத முகம், எல்லாம் நான் முணுமுணுத்தவை. ஆனால் அவள் போய் நின்ற இடத்துக்கு நான் போயிருக்க மாட்டேன். வேண்டாம் என்று சொன்ன ஆளை நான் மரியாதையாக விட்டுவிட்டு வருவேன், வந்துகொண்டிருந்தேன். அந்த மரியாதை தேவைதான். அதை நீங்களும் விடாதீர்கள். அவள் கேட்டதோ அதற்கு அடுத்த கேள்வி: இவர் எதை மறைக்கிறார், எதை மறைக்கவில்லை, எங்கே போய் நின்றால் இவரும் இந்தக் கல்யாணத்தில் இருப்பார்? எடுத்த பிறகு அவரிடம் காட்டிக் கேட்கவும் வேண்டும். அவர் சொன்னால் அழிக்கவும் வேண்டும். அன்றைக்கு அவர் அழிக்கச் சொல்லியிருந்தால் அழித்திருப்பேன், பவித்ரா என்ன சொன்னாலும்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிகிற நேரத்தில் முருகையா அண்ணன் ஸ்டுடியோவுக்கு வந்தார். பாக்டரியில் மறுபடி வேலைக்கு எடுத்திருந்தார்கள், கேட்டில் உட்காருகிற வேலை. ஐடி கார்டுக்குப் படம் வேண்டும் என்றார். உட்காருங்கள் அண்ணே என்று ஸ்டூலைப் போட்டேன்.

"பாப்பா இல்லையா?"

"பள்ளிக்கூடம் விட்டு இப்ப வந்துருவா."

"வரட்டும். நான் இருக்கேன்."

டீ வாங்கிக் கொடுத்தேன். நிவி யூனிபார்மோடு, முதுகில் பையோடு உள்ளே வந்தாள். அவரைப் பார்த்ததும் பையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றாள். எனக்குக் கவலையாக இருந்தது. கார்டுக்கு எடுக்கிற படத்தில் முழு முகமும் நேராகத் தெரிய வேண்டும். ஒதுங்க ஒரு தலைப்பாகையும் இல்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நிவி யோசிக்கவில்லை. ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்தினாள், அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "மாமா, இதுக்கு நேராத்தான் பாக்கணும்" என்றாள்.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்தார். நிமிர்ந்து, அவளை நேராகப் பார்த்தார். நான் லைட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.